உதயாவின் நண்டு

எங்கள் குப்பத்தில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. பேசுகிறவர் ஊருக்குத் தெண்டம் கட்ட வேண்டும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள், நியாயம் மட்டும் எடுத்துச் சொல்ல வராதீர்கள். நியாயம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

என் பெயர் மோகனப்ரியா. வீடு எர்ணாவூர்க் கடலோரம். வீட்டுக்காரர் பொன்ராஜ், பைபர் போட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். எங்களுக்கு ஒரே பெண், உதயா. ஒன்பது வயது. உட்கார மாட்டாள், நிற்க மாட்டாள், பேச்சு கிடையாது. கையும் காலும் முறுக்கிக்கொண்டு விறைத்திருக்கும். சோற்றை மசித்து ஊட்டினால் பாதி உள்ளே போகும், பாதி என் முந்தானையில் இருக்கும். கழுத்து மட்டும் இடது பக்கமாகக் கொஞ்சம் திரும்பும். அதுவும் அவள் நினைத்த நேரத்தில் திரும்பாது, அது நினைத்த நேரத்தில்தான் திரும்பும்.

அவள் பிறந்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலி எடுத்ததும் ஆட்டோவில் ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். டோல்கேட்டுக்கு முன்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. துறைமுகத்துக்குள் போக இடமில்லாமல் நாள்கணக்கில் காத்துக் கிடக்கிற லாரிகள். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறாக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்டோ முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கூட வந்த மனோகரன் மாமா கீழே குதித்து, ஒவ்வொரு லாரிக் கதவாகத் தட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். பொன்ராஜுக்குத் தாய்மாமன் அவர். அன்றைக்கு ஊரில் பத்தோடு பதினொன்று, இன்றைக்கு ஊர்த் தலைவர். அவர் கத்தின கத்தலில் நாலைந்து லாரி நகர்ந்தது. மற்றவை எங்கே நகரும்? ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பாதி வழியில் சிக்கிக் கிடந்தது. எடுத்த பிறகும் அழவில்லை. மூளைக்குக் காற்று போகாமல் இருந்துவிட்டது என்றார்கள்.

திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு மையம் இருக்கிறது. கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பார்கள். அங்கே இருக்கிற டீச்சர் ஃபிர்தௌஸ், வண்ணாரப்பேட்டைப் பெண். என்னைவிட வயதில் சின்னவள், என்னை அக்கா என்பாள். ஒரு நாள் அவள், உதயா என்ன விளையாடுவாள் என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். "சோறு முழுங்கவே அவளுக்கு உசுரு போய் உசுரு வருது. இதுல வெளையாட்டு இன்னாத்துக்கு?" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. விளையாடாத பிள்ளைக்குத் தன்னால் ஒன்று நடக்கும் என்பதே தெரியாமல் போய்விடும் என்றாள். எனக்கு அது அப்போது புரியவில்லை.

அடுத்த மாதம் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். அவர்கள் செய்த மிஷினை உதயாவுக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். சிவப்பு நிறம், கீழே நாலு சக்கரம், முன்னால் மடங்கி நீள்கிற ஒரே ஒரு கை, கையின் நுனியில் இடுக்கி. பார்த்த மாத்திரத்தில் பக்கத்து வீட்டு மங்கம்மாவின் மகள் பவானி, "நண்டு!" என்றாள். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

உதயாவின் சக்கர நாற்காலியில், இடது கன்னத்துக்கு நேராக, அப்பளம் அளவுக்கு மெத்தென்று ஒரு பொத்தானைப் பொருத்தினார்கள். கன்னம் பட்டால் நண்டு போய் எதிரே இருக்கிறதைத் தள்ளும். அவ்வளவுதான். அவள் கழுத்து சும்மா வெட்டி இழுப்பதற்கும் அவளாகத் திருப்புவதற்கும் வித்தியாசத்தை மிஷினே கற்றுக்கொள்ளும் என்றார்கள். அதற்கு ஒரு வாரம் பிடித்தது. பிறந்ததிலிருந்து கூட இருக்கிற எனக்கே அந்த வித்தியாசம் தெரியாது. மிஷினுக்கு எப்படித் தெரியும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை. பவானி தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். உதயாவின் கழுத்து திரும்பியது. நண்டு உர்ரென்று நகர்ந்து போய்க் கையை நீட்டி ஒரு தள்ளு தள்ளியது. கட்டையெல்லாம் சிமெண்டுத் தரையில் சிதறியது. உதயா சத்தத்தில் பயந்து விறைத்துப் போனாள். பவானி மறுபடி அடுக்கினாள். மறுபடி கழுத்து திரும்பியது, மறுபடி சிதறியது. மூன்றாவது முறை உதயா பொத்தானைப் பார்த்தாள், நண்டைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள். பிறகு கன்னத்தை அழுத்தினாள். கோபுரம் விழுந்தது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை, வலி இல்லை, பசி இல்லை. அந்த மூன்றுக்கும் அவள் போடுகிற சத்தம் எனக்குத் தெரியும். இது சிரிப்பு. கையில் உரித்துக்கொண்டிருந்த இறாலோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை எனக்கு.

அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. நண்டின் முதுகில் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டைச் சொன்னால்தான் இது உங்களுக்குப் புரியும். எர்ணாவூரில் அந்தக் கம்பெனிக்கு லாரியில் வருகிற பெட்டிகளை அடுக்கி வைக்கிற கண்டெய்னர் யார்டு ஒன்று இருக்கிறது. முன்பு யார்டு வந்தபோது கம்பெனி நேராக ஊருக்கு வரவில்லை. ஒருவனுக்கு வாட்ச்மேன் வேலை, ஒருவனுக்கு வலை, ஒருவன் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் என்று தனித்தனியாக வீடு பார்த்துக் கொடுத்தது. வாங்கினவன் வாயை மூடிக்கொண்டான். ஊர் இரண்டாகப் பிளந்து, அண்ணன் தம்பி கடலிலேயே வெட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கங்கையம்மன் கோயில் முன்னால் வீட்டுக்கு ஒருவர் நின்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம். கம்பெனி எது கொடுத்தாலும் ஊர் வழியாகத்தான் வர வேண்டும். வந்தால் எல்லா வீட்டுக்கும் சம பங்கு. தனியாக வாங்கினவரை ஊர் தள்ளி வைக்கும். எங்கள் வீட்டுக்காகக் கற்பூரம் அணைத்தது பொன்ராஜ். நான் உதயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மனோகரன் மாமா வீட்டுக்கு வந்தார். நண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஃபிர்தௌஸ் விளக்கம் சொன்னாள். செய்தது காலேஜ் பிள்ளைகள், சாமான் வாங்கக் கம்பெனி பணம் கொடுத்தது, அதனால் அவர்கள் பெயரை ஒட்டினார்கள் என்றாள். மாமா உதயா எதிரில் குந்தி உட்கார்ந்து, தானே கட்டைகளை அடுக்கினார். அவள் தள்ளினாள். மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொயந்த வெளையாட்டு சாமான்ல இன்னா பங்கு பிரிக்கிறது? காலேஜ் பசங்க குட்த்ததுன்னு வச்சிக்கலாம். அந்த ஸ்டிக்கர மட்டும் கிய்ச்சிப் போட்டுடுமா" என்றார். நான் தேங்காய் எண்ணெய் தடவிச் சுரண்டி எடுத்தேன். ஊர் என்றால் இரக்கமில்லாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊர் அப்படி இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் போதாது. பள்ளிக்கூடம் விட்டதும் பவானி பையை எறிந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாள், பின்னாலேயே தெருப் பிள்ளைகள் எல்லாம் வரும். அதுவரைக்கும் என் பெண்ணை எட்டி நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகள்தான். எச்சில் ஒழுகுகிறது, கலீஜ் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள்தான். இப்போது யார் அடுக்குவது என்று சண்டை.

உதயா அவர்களுக்கு விளையாட்டுக் காட்ட ஆரம்பித்தாள். கோபுரத்தை உயரமாக அடுக்கிவிட்டு எல்லாரும் "தள்ளு, தள்ளு" என்று கூச்சல் போடுவார்கள். அவள் தள்ள மாட்டாள். கண்ணை மேலே உருட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பாள். அவர்கள் சலித்துப்போய் அந்தப் பக்கம் திரும்பினதும் கன்னத்தை அழுத்துவாள். தடதடவென்று விழும். "டபாய்க்கிறா பாருக்கா இவ!" என்று பவானி என்னிடம் வந்து புகார் சொல்வாள். என் பெண் ஒரு கள்ளி என்பதை அவளுக்கு ஒன்பது வயதானபோதுதான் நான் தெரிந்துகொண்டேன். அவளுக்குள் இப்படி ஒருத்தி இத்தனை வருஷம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாளே!

அந்தச் சந்தோஷத்தில்தான் லியோனார்டை வீட்டுக்குள் விட்டேன். கம்பெனியில் ஊர்மக்களோடு பேசுவதற்கென்று வைத்திருக்கிற ஆபீசர். ராயபுரத்துக்காரர், பிழைக்கத் தெரிந்தவர், வாயைத் திறந்தால் தேன். மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்லி, ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மையத்துக்காக இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டினேன். உதயா சிரிப்பதையும், பவானி கைகொட்டுவதையும், பிள்ளைகள் குதிப்பதையும் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்.

வருஷம் முடிகிற நேரம் அவரே மறுபடி வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சோதனை முடிந்துவிட்டதாம், மிஷின் திரும்பப் போக வேண்டுமாம். கம்பெனி மேற்கொண்டு பணம் போட்டால் மிஷின் உதயாவுக்கே, அவள் வளர வளர மாற்றி அமைத்தும் கொடுப்பார்கள். அதற்கு நான் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பெனி இன்னொரு யார்டு கட்டப் போகிறது. அதற்குத் திருவொற்றியூர் கல்யாண மண்டபம் ஒன்றில் அரசாங்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. அங்கே வந்து நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும். கம்பெனி எங்களுக்கு நல்லது செய்தது, யார்டு வரட்டும் என்று.

இன்னொரு யார்டு என்றால் இன்னும் லாரி. இதைப் புரிந்துகொள்ள நான் படித்திருக்க வேண்டியதில்லை. ஊர் மொத்தமும் எதிர்த்துப் பேசத் தயாராகிக்கொண்டிருந்தது, மனோகரன் மாமா வீடு வீடாகப் போய் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரிலிருந்து ஒருத்தி எழுந்து, யார்டு வரட்டும் என்று சொன்னால் அவர்களுக்குப் போதும். லியோனார்ட் என்னை மிரட்டவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அவசரமில்லை" என்றுதான் சொன்னார். பாவி, மிரட்டியிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பேன்.

ஃபிர்தௌஸிடம் ஓடினேன். மையமே நாலு பேர் கொடுக்கிறதில்தான் ஓடுகிறது, மிஷினைத் திரும்பப் போகாமல் நிறுத்தி வைக்கத் தங்களிடம் வழி இல்லை என்று அவள் அழுதாள். நண்டு போனால் அதற்குப் பதிலாக இருக்கட்டும் என்று வேறு பொத்தான், வேறு பொம்மை எல்லாம் கடை கடையாக அலைந்து வாங்கி வந்து பொருத்திப் பார்த்தாள். அவையெல்லாம் உதயாவின் கழுத்து வெட்டி இழுக்கும்போதெல்லாம் ஓடின, அவள் வேண்டும் என்கிறபோது நின்றன. நான் ஒரு பேட்டரி காரில் கயிறு கட்டி, அவள் கன்னம் திரும்பினதும் பின்னாலிருந்து இழுத்துக் கோபுரத்தைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தாள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டாள். தன்னால் நடந்ததற்கும் நான் நடத்திக் காட்டினதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. அன்று பிடிவாதமாகச் சோறும் தின்னவில்லை.

பொன்ராஜிடம் சொன்னேன். வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை, கெஞ்சினார். "கற்பூரம் அணைச்சது என் கையி. ஊரு இல்லாம நாம எங்க போறது, யாராண்ட போறது? வாணாம்" என்றார். உதயா நண்டு வருவதற்கு முன்னால் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. தெரியாதபோது கல் மாதிரி இருந்தாள், சரி. தெரிந்த பிறகு எப்படிக் கல்லாவாள்? சிரித்த வாயைத் தைக்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். அவர் ஊசியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவரும்தான் எத்தனை பேருக்குப் பதில் சொல்வார்?

கூட்டத்தன்று உதயாவை ஃபிர்தௌஸிடம் விட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனேன். முன்வரிசையில் அதிகாரிகள், ஒரு பக்கம் கம்பெனி ஆட்கள், மற்றதெல்லாம் எங்கள் ஜனம். நான் லியோனார்ட் காட்டின நாற்காலியில் உட்காருவதைப் பார்த்தே பாதிப் பேருக்கு முகம் மாறிவிட்டது. முதலில் கம்பெனி திரையில் வீடியோ போட்டது. சுவர் அகலத்துக்கு என் மகள் சிரித்தாள். பக்கத்தில் பவானி கைகொட்டினாள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குதித்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர். பின்னால் உட்கார்ந்திருந்த மங்கம்மா, "அய்யோ, எம் பொண்ணு" என்றது எனக்குக் கேட்டது. தன் பெண்ணை யாரோ கடத்திக்கொண்டு போன மாதிரி அவள் சொன்னாள். அந்த வீடியோ இங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். என் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், நண்டைப் பற்றிச் சொன்னேன். யார்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது மனோகரன் மாமா எழுந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை, என்னை மட்டும் பார்த்தார்.

"ஒன்ன இட்டுக்கினு போன அன்னிக்கி லாரி லாரியா கதவத் தட்டிக்கினு ஓடனது நானு. ஒனுக்கே தெரியும். இன்னும் லாரி வரட்டும்ன்றியா? நீயே சொல்லுமா."

அவர் கை அப்போதும் கதவைத் தட்டுவது போலப் பாதி மூடியிருந்தது. அந்தக் கையை விழுந்து பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அதே நேரம் உதயா கண்ணை மூடிக்கொண்டு சோறு வேண்டாம் என்று கிடந்ததும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஒம்போது வருசமா எம் பொண்ணு யாரையும் எதுவும் கேக்கல மாமா. இப்பதான் கேக்குறா," என்றேன். "வரட்டும்."

மாமா உட்கார்ந்துவிட்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் இறங்கி வரும்போது வழி விட்டு ஒதுங்கினார்கள். பிணம் போனால் ஒதுங்குவது போல ஒதுங்கினார்கள்.

மறுநாள் கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. நான் போகவில்லை, பொன்ராஜ் போய் நின்றார். முடிவைச் சொன்னது மனோகரன் மாமாதான். சொல்லும்போது அவர் குரல் உடைந்ததாகக் கேள்விப்பட்டேன். உடைந்தாலும் சொன்னார், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டோடு ஊரில் யாருக்கும் பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, நல்லது கெட்டதில் இடமில்லை. பொன்ராஜோடு போட்டில் கூட்டாக இருந்தவர் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கூலிக்கு உரித்துக் கொடுக்க எனக்கு இறால் கொண்டுவந்து போடுகிறவள் நிறுத்திவிட்டாள். பொன்ராஜ் இப்போது காசிமேட்டில் யாரோ முன்பின் தெரியாதவருடைய லாஞ்சில் கூலிக்குப் போகிறார். போனால் பல நாள் கழித்துத்தான் வருவார். வந்தால் உதயாவைக் கொஞ்சுவார், எனக்குத் தேவையானதை வாங்கிப் போடுவார். பேச மட்டும் மாட்டார். அதற்கு ஊர் தெண்டம் போடவில்லை, அவராகவே பேசுவதில்லை.

கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நினைப்பீர்கள். அப்படிச் செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சொன்னபடியே செய்தார்கள். நண்டு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. புது பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். முதுகில் ஸ்டிக்கரும் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள், முன்பைவிடப் பெரிதாக.

ஊர் கூடி முடிவு சொன்ன அன்று சாயங்காலம் உதயாவை நாற்காலியில் உட்காரவைத்து, பொத்தானைக் கன்னத்துக்கு நேராக வைத்து, நானே கட்டைகளை அடுக்கினேன். அவள் வாசலைப் பார்த்தாள். "தள்ளுடி கண்ணு" என்றேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து, நானும் பிள்ளைகள் மாதிரி சலித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சத்தமே இல்லை. மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் போனது. நான் அடுக்கின கோபுரம் அடுக்கினபடியே நின்றது.

மிஷின் கெட்டுவிட்டது என்று ஃபிர்தௌஸை வரவழைத்தேன். அவளுக்கு ஊர்க் கட்டுப்பாடு கிடையாது, அவள் மட்டும் வருவாள். ஒயரை எல்லாம் பிரித்துப் பார்த்தாள், பொத்தானைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். நண்டு ஓடிப்போய்த் தள்ளியது. "மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பவானி வர்றதில்லயா?"

நான் தரையில் சிதறின கட்டைகளைப் பொறுக்கி எடுத்தேன். நண்டை நான் வைத்துக்கொண்டேன். அடுக்குகிற கையை எல்லாம் கொடுத்துவிட்டேன். அன்று மண்டபத்தில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊர் பேசாது என்று தெரியும், தொழில் போகும் என்று தெரியும். ஊர் என்றால் அதில் எட்டு வயதுப் பெண்ணும் சேர்த்தி என்பது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை உதயாவை நாற்காலியில் உட்காரவைத்து, மறுபடி கோபுரம் அடுக்கிவிட்டு நான் அடுப்படியில் இருந்தேன். பவானி பள்ளிக்கூடம் போகிற நேரம். கூட ஒரு பிள்ளையோடு ஏதோ வாயடித்துக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்தாள். உள்ளே தடதடவென்று கட்டை விழுகிற சத்தம் கேட்டது. கரண்டியோடு ஓடி வந்து பார்த்தேன். உதயா கன்னத்தைப் பொத்தானிலிருந்து எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தாள், நண்டு தரையில் கிடந்த கட்டைகளையே தள்ளிக்கொண்டிருந்தது. அவள் கண் வாசலில். வாசலில் பவானி நின்றுவிட்டாள். உள்ளே பார்த்தாள். ஒரு கால் எங்கள் படிப்பக்கம் திரும்பிக்கூட விட்டது. பக்கத்து வீட்டிலிருந்து மங்கம்மாவின் குரல் வந்தது, பெயரை மட்டும்தான் கூப்பிட்டாள். பவானி தலையைக் குனிந்துகொண்டு ஓடிப்போனாள்.

உதயா அழவில்லை. காத்திருந்தாள். தள்ளிவிட்டால் யாராவது வந்து அடுக்குவார்கள், அதுதானே அவளுக்குத் தெரிந்த விளையாட்டு.

இப்போது தினமும் இதுதான் நடக்கிறது. நான் எவ்வளவு கெஞ்சினாலும் எனக்காகத் தள்ள மாட்டாள். காலையில் பவானியின் குரல் தெருவில் கேட்டால் தள்ளுவாள், சாயங்காலம் கேட்டால் தள்ளுவாள். மகளைக் கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொல்லியிருக்கிறாள் மங்கம்மா. பவானி சில நாள் அப்படிப் போகிறாள், சில நாள் மறந்து இந்தப் பக்கமே வந்துவிடுகிறாள். வருகிற நாளில் கட்டை விழுகிற சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள்.

அந்தச் சத்தம் பவானிக்குக் கேட்க வேண்டுமானால் கோபுரம் நிமிர்ந்து நின்றாக வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிறது. நான் போய் அடுக்க வேண்டும்.